அக்கா, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்

என் செல்ல விமலாக்கா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று தமிழ்ப்பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? "மஞ்சள் பூசாமலே மஞ்சளா இருக்கேன், கல்யாணத்துக்கு நலங்கு வேலை மிச்சம்" என்று கண்ணாடி பார்த்துச் சிரித்தவள் நீ. நான் கேட்காவிட்டால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை நீ கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாய். வாசகர் கடிதங்களைச் சத்தமாகப் படித்து, எழுதியவர்களுக்கு மார்க் போடுவாய். அதனால்தான் இதை அங்கேயே அனுப்புகிறேன். எங்கிருந்தாலும் உன் கண்ணில் பட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. எழுத்துப்பிழை இருந்தால் திட்டாதே. பள்ளியில் இரண்டாம் பாரத்தோடு நின்றவள் நான்.

வீட்டில் அம்மாவும் நானும் சுகம். அம்மா மட்டும் இன்னும் குழம்பில் உப்புப் போட மறந்துவிடுகிறார். உனக்கு உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நாம் மூன்று பேருமே உப்பில்லாமல்தானே சாப்பிட்டோம்? "எனக்குத்தான் வியாதி. நீங்க ரெண்டு பேரும் என்னா, எனக்குத் துணைக்கு மூஞ்சி சுளிக்கவா?" என்று நீ கேட்டாய். இப்போது உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவின் கை அங்கே போவதில்லை. நானும் கேட்டு வாங்குவதில்லை.

பேக்டரி பஸ் தோட்டத்து வாசலில் நின்று இன்னும் இரண்டு முறை ஹார்ன் அடிக்கிறது. இரண்டாவது உனக்கு. நீ சடை பின்னிக்கொண்டே ஓடுவாய் என்று டிரைவருக்குத் தெரியும். பழக்கம் விடவில்லை போலிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், நீ அலட்டிக்கொள்ளாதே. என் அக்கா சுங்கை காடுட்டில் ஓர் எலக்ட்ரானிக் பேக்டரியில் கியூசி. மற்றவர்கள் செய்து முடித்த சின்னச் சின்னச் சாமான்களை, விளக்கு வைத்த பூதக்கண்ணாடியின் கீழே பார்த்து, இது சரி, இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. குறை எங்கே இருக்கிறதோ அங்கே நகத்தின் அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒருநாள் மிஞ்சிய ஸ்டிக்கர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். அம்மா சுட்ட கருகிய தோசைக்கு ஒன்று. கூரை ஒழுகிய இடத்துக்கு ஒன்று. என் உதட்டுக்குப் பக்கத்தில் ஒன்று.

"இந்த பீஸ் பேச மாட்டேங்குது லா. ரிஜெக்ட்."

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எனக்கு ஊமச்சி என்று பெயர் வைத்தது நீதான். கடைக்குப் போனால் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவேன். கடைக்காரர் "எந்த சோப்பு?" என்று கேட்டுவிட்டால் போதும், சோப்பே வேண்டாம் என்று திரும்பிவிடுவேன்.

பேக்டரியில் ரத்த தானம் கொடுக்க நீ வரிசையில் நின்றாய். உன் ரத்தம் வேண்டாம் என்று ஒரு கடிதம் வந்தது. கல்லீரலில் கிருமி இருக்கிறது, அது பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அம்மா நமக்கு முன்னால் வேகமாக நடந்தார். நீதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏம்மா, உன் மூக்கு வந்துச்சு, உன் கோவம் வந்துச்சு. அந்த மாதிரி இதுவும் வந்துச்சு. விடு லா." உன்னைத் தவிர வேறு யாரால் அப்படிச் சொல்லியிருக்க முடியும்?

இரண்டு வருடம் போய் வயிறு வீங்கத் தொடங்கியதும் லயத்து வரிசை வீடுகளில் பேச்சு கிளம்பியது. கல்லீரல் கெட்டால் அது கள்ளுதான் என்று நம் தோட்டத்தில் எல்லாரும் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். குழாயடியில் ஓர் அக்கா கேட்டே விட்டார். "ஏம் புள்ள, பேக்டரியில பொம்பளைங்களும் ஊத்திக்கிறாங்களாமே?"

நீ குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னாய். "ஆமாக்கா. இதோ, இந்தக் குழாயிலதான் புடிச்சு ஊத்திக்கிறேன். நீங்களும் இங்கதான் புடிக்கிறீங்க. பாத்துக்கா."

அப்போதுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும், உன்னோடு ஆஸ்பத்திரிக்குப் போக ஓர் ஆள் வேண்டும், வீட்டில் வேறு யாரும் இல்லை. நீ எனக்காக அம்மாவோடு சண்டை போட்டாய். நான்தான் நின்றுவிடுகிறேன் என்று சொன்னேன். ஓர் உண்மையைச் சொல்லட்டுமா? வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்கிற பயம் விட்டது என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட.

டவுன் ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடி போட்ட நர்ஸ், நம் மிஸி, நம்மைத் தனியாகக் கூப்பிட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? அவர் மலாயில் நிதானமாகப் பேசுவார். "ரத்தத்துல என்ன இருக்குன்னு மெஷின் சொல்லிடும். நீங்க எப்படி வாழுறீங்கன்னு அதுக்குத் தெரியாது. அதைத்தான் இந்தப் பேப்பர்ல கேக்குறோம்" என்றார். கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு நேரம் களைப்பாக இருந்தாய், வயிறு உப்பியது, உடம்பு அரித்தது, கால் குரக்குவலி எடுத்தது, ஆசைப்பட்ட அளவு சாப்பிட முடியாமல் போனது, பயந்தாய், மனம் சோர்ந்து இருந்தாய். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஏழு கட்டம். முதல் கட்டம் 'எப்போதும்'. கடைசிக் கட்டம் 'ஒருபோதும் இல்லை'.

நீ என் காதில், "பாத்தியா பாப்பா, எனக்கே கியூசி பண்றாங்க. பாஸானா ஸ்டிக்கர் குடுப்பாங்களான்னு கேளு" என்றாய். பிறகு பேனாவை வாங்கிக் கடைசிக் கட்டங்களில் மேலிருந்து கீழே சரசரவென்று சரி போட்டாய். களைப்பு இல்லை. அரிப்பு இல்லை. பயம் இல்லை. மழை கொட்டுகிற மாதிரி ஒரே கோடாக இறங்கியது.

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அதே கேள்விகள். கூட இருந்து பார்க்கிறவர் எழுத வேண்டியது. நான் சுவரோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பள்ளியை விட்ட பிறகு என்னை ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் வாயைத் திறக்க வேண்டாம், அடையாளம் போட்டால் போதும். எல்லாப் பதிலும் தெரிந்த பரீட்சைத் தாள் கிடைத்த மாதிரி இருந்தது, அக்கா. நீ கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பதை யார் பார்த்தது? சீப்பால் கையைச் சொறிந்து சொறிந்து ரத்தம் வந்ததைத் துடைத்தது யார்? கால் இழுத்துக்கொள்ளும்போது நீ துண்டைக் கடித்துக்கொள்வாய், நான் உன் கெண்டைக்காலை அழுத்துவேன். பாதிச் சோற்றை அம்மாவுக்குத் தெரியாமல் கோழிக்குப் போடுவாய். எல்லாம் எழுதினேன். ஒன்றையும் விடவில்லை.

மிஸி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது ரெண்டும் ஒரே ஆளைப் பத்தினதா?" என்றார்.

நீ என் தாளைப் பார்த்தாய். பஸ்ஸில்தான் வெடித்தாய்.

"ஊமச்சின்னு நெனச்சேன். ஊரையே கூட்டிட்டியே டி."

"கேட்டாங்க... எழுதினேன்."

"கேட்டா எழுதிடுவியா? அந்தப் பேப்பர் எங்க போவும் தெரியுமா? நேரா பேக்டரிக்கு. இவ வேலைக்கு ஆக மாட்டான்னு எழுதி நிப்பாட்டிடுவாங்க. முடிஞ்சது."

உன் கோபம் எனக்கு உடனே புரிந்தது. நம் வீட்டில் யாருக்குத்தான் புரியாது? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரிடம் தோள் வலி என்று சொல்லி மருந்து கேட்டார். அவரும் நல்ல மனத்தோடுதான் ஒரு சீட்டு எழுதினார். சீட்டு ஆபீசுக்குப் போனது. மறுநாள் காலை எல்லாரும் வரிசையில் நிற்கிற பெரட்டில் பேர் கூப்பிடும்போது, வேலை பிரிக்கிற மண்டோர் அம்மாவை வழக்கமான ரப்பர் மரங்களிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டுவிட்டார். வருடக்கணக்காக அம்மா வெட்டிய மரங்கள். அந்த மரங்களுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் அம்மா தலையைத் திருப்பிக்கொள்வார். அதிலிருந்து, பேனா வைத்திருக்கிறவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நல்லா இருக்கேங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். தோட்டத்தில் எல்லா வீட்டுச் சட்டமும் அதுதான். பேக்டரியில் எத்தனை வருடம் இருந்தாலும் நீயும் அந்தப் பெரட்டில் நின்றுதான் பதில் சொன்னாய். நான் மட்டும் மறந்துபோனேன்.

அந்த வேலை உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். உன் பூதக்கண்ணாடியை வேறு ஆள் தொட்டால்கூட உனக்குப் பிடிக்காது. அதை நான் ஒரு பேனாவால் அழித்துவிட்டேனா?

இரண்டு வாரம் நீ என்னோடு பேசவில்லை. "அம்மா, துண்டு எங்கன்னு அதுகிட்ட கேளு" என்பாய். 'அது' துண்டை எடுத்துக் கொடுக்கும். ஆபீஸ் கிராணி கடிதக் கட்டோடு லயத்துப் பக்கம் வந்தால் நான் குளியலறைக்குள் போய் நின்றுகொள்வேன். ஒரு கடிதமும் வரவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் என் தாளைத்தான் கையில் வைத்திருந்தார். அரிப்புக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு தூள் கொடுத்தார். கால் இழுப்புக்காக நீர் மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார். வெளியே வந்ததும் நீ மிஸியிடம் நேராகக் கேட்டாய். "இந்தப் பேப்பர் பேக்டரிக்கு எப்பப் போவும்?"

மிஸிக்கு முதலில் புரியவில்லை. "பேக்டரிக்கா? எதுக்கு? உங்க அரிப்பை வெச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க?" எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். அதற்குள்தான் நம் தாள்கள் இருந்தன. அதைவிட்டு வெளியே போகாதாம்.

நீ சிரித்த சிரிப்புக்கு வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆப்பாம் பாலிக் வாங்கிப் பிட்டு, பெரிய பாதியை என்னிடம் நீட்டினாய். "தப்பான பீஸை பாஸ் பண்ணா திரும்பி வரும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் பண்ணேன். நீ பாத்தது சரி டி, ஊமச்சி." கடலையும் சீனியும் வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டாய்.

இதுவரை நடந்தது எல்லாரும் செய்யக்கூடியதுதான். அதற்குப் பிறகு நீ செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. எந்த ஆபீசுக்கு அந்தப் பேப்பர் போய்விடுமோ என்று பயந்தாயோ, அடுத்த திங்கட்கிழமை அங்கேயே நீ போனாய். சூப்பர்வைசர் முன்னால் நின்று, எனக்கு இன்ன வியாதி, இவ்வளவு நேரம் நிற்க முடியாது, கண்ணும் கையும் நன்றாக இருக்கின்றன, பகல் ஷிப்ட் கொடுங்கள் என்று கேட்டாய். கேட்டுவிட்டு வந்து சொன்னபோது அம்மா நெஞ்சில் கை வைத்தார். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் பகல் ஷிப்டும் ஒரு நாற்காலியும் கிடைத்தன. வியாதி தெரிந்ததும் உன்னோடு சாப்பிடுகிற இரண்டு பெண்கள் டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். மந்தினிலிருந்து வருகிற உன் தோழி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அவ பெரிய தியாகம் பண்ணல லா. அவளுக்கு என் ஊறுகா வேணும். எனக்குத்தான் ஆகாதே" என்றாய்.

நல்ல மாதங்கள் அவை. தூள் வேலை செய்தது. நீ தூங்கினாய். மிஸி கொடுத்த தாள்களில் நீ உண்மையை எழுதினாய். உன் கட்டமும் என் கட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுந்தன. எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது. உன்னைப் பார்த்தாலே போதும், பதில் தெரியும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வியில் மாட்டினேன். கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு நேரம் மனம் சோர்ந்து இருந்தார்? நான் 'பெரும்பாலான நேரம்' என்று போட்டேன். நீ 'மிக அரிது' என்று போட்டிருந்தாய். அக்கா மறுபடி மறைக்கிறாள் என்று நினைத்தேன். அதை மிஸியிடமும் சொன்னேன், நானாகவே வாயைத் திறந்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக.

உன் முகம் மாறிவிட்டது. பஸ்ஸில் கத்திய கோபம் இல்லை இது. மெதுவாகப் பேசினாய்.

"எப்படித் தெரியும் உனக்கு?"

"பின்னாடிப் படியில பேசாம உக்காந்திருந்த. தெனமும். வேலை விட்டு வந்து இருட்டுற வரைக்கும்."

"அரிக்கலை டி. வலிக்கலை. காத்து அடிச்சுச்சு. சும்மா உக்காந்திருந்தேன். எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? பேசாம இருந்தா சோகம்னு போட்டுடுவியா? அப்ப நீ வருசம் பூரா பேசாம இருக்கியே, நீ என்னா, சோகமாவா இருக்க?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. நான் சோகமாக இல்லை. பேசாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறவர்கள் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும்! அதையே நான் உனக்குச் செய்திருந்தேன்.

"என் வயித்தைப் பாரு. காலைப் பாரு. சொறியிற கையை எண்ணு. அதெல்லாம் உனக்குத் தெரியும். உள்ள இருக்கிறதை மட்டும் என்கிட்ட கேளு டி. ஒரு வார்த்தை கேளு."

வீட்டுக்கு வந்து உன் கைப்பையைத் துழாவி ஒரு சிவப்பு அம்பை எடுத்து, என் வலது கை ஆள்காட்டி விரலில் ஒட்டினாய். குறை இங்கேதான் என்று. இரண்டு நாள் குளிக்கும்போதுகூட அதை நான் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். பின்படியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்பேன். சில நாள் "பயமா இருக்கு" என்பாய். சில நாள் "மீன் பொரிச்ச வாசம் வருது, எழுந்து ஓடலாம்போல இருக்கு" என்பாய். அம்மா துணி காயப்போடுவதை விட்டுவிட்டு நின்று கேட்பார். வீங்கிய வயிற்றோடும் மஞ்சள் கண்ணோடும் ஒருத்தி இவ்வளவு விதமாக இருக்க முடியும் என்று எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஏழு கட்டம் உனக்குப் போதாது.

கடைசியில் நீ ரத்த வாந்தி எடுத்து வார்டில் சேர்ந்தாய். பிறகு நாள் முழுவதும் தூக்கமும் குழப்பமுமாக இருந்தாய். அம்மாவை மண்டோர் என்று கூப்பிட்டாய். அம்மா வெளியே போய் அழுதுவிட்டு வந்து, "ஆமா, மண்டோர்தான். படுத்துக்க" என்றார். அந்த வாரம் மிஸி எனக்குரிய தாளைக் கொண்டுவந்தார். விருப்பம் இருந்தால் எழுது, இல்லையென்றால் வேண்டாம் என்றார். நான் எழுதினேன். களைப்பு, எப்போதும். சாப்பாடு, முடியவில்லை. வயிறு, எப்போதும். மனம் சோர்ந்து இருந்தாரா என்ற கேள்வி வந்தது. உன் காதருகே குனிந்து, "இப்ப எப்படி இருக்கு, அக்கா?" என்று கேட்டேன். நீ என் விரலைப் பிடித்தாய். அவ்வளவுதான். அது என்ன பதில்?

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். "இதை விட்டுட்டியே" என்றார் மிஸி. "அக்கா இன்னும் சொல்லல" என்றேன். அவர் தாளை மடித்து வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் நீ போய்விட்டாய்.

இனி உனக்குத் தெரியாத செய்தி. இப்போது மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மலாய் படிக்கத் தெரியாத தோட்டத்து ஆட்களுக்குக் கேள்விகளைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று மிஸி கேட்டார். நான் முடியாது என்று தலையாட்டினேன். வீடு வரும்வரை உன் குரல் காதில் ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று கத்தியது. அடுத்த செவ்வாய் போய் நின்றேன்.

முதல் ஆள் சுவா பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா. கூடவே பாட்டி. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கேம்மா" என்றார். அவர் கை முழங்கை வரை சொறிந்த தழும்பு. எனக்கு எழுதத் தெரியாதா? எழுதவில்லை.

"தாத்தா, இந்தப் பேப்பர் தோட்டத்து ஆபீசுக்குப் போகாது. அந்த அலமாரியிலயே இருக்கும்" என்றேன்.

"மண்டோருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். "அப்ப எழுது" என்றார். மூச்சு விடாமல் சொன்னார், அக்கா. எனக்கு எழுதக் கை போதவில்லை. மனச் சோர்வு என்கிற கேள்வி வந்ததும் பாட்டி குறுக்கே விழுந்தார். "அதுக்கென்ன, எப்பப் பாத்தாலும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உம்முனுதான் கெடக்கு. எப்போதும்னு போடு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "பாட்டி, தாத்தா சொல்லட்டும்" என்றேன். என் குரலா அது? தாத்தா வெகுநேரம் யோசித்தார். வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேசாமல் காத்திருப்பது எனக்குக் கஷ்டமா என்ன?

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் எத்தனை தாள் எழுதினாலும், கேட்காமல் ஒருவருடைய மனத்துக்கும் அடையாளம் போட மாட்டேன். அவர்களாகச் சொல்லும்வரை காத்திருப்பேன். உன் கட்டம் அந்த அலமாரியில் காலியாகத்தான் இருக்கிறது. யாரும் அதை நிரப்ப விடமாட்டேன், நான் உட்பட.

நாளைக்குக் குழம்பில் நானே உப்புப் போடப் போகிறேன். அம்மா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். கோபித்துக்கொள்ளாதே.

விரலில் ஒட்டிய அம்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும்,
உன் கூடப்பிறந்த ஊமச்சி,
பாப்பா